வெள்ள அபாயமும் நம் சங்கங்களும்

தமிழில் வெள்ளம் என்னும் சொல்லுக்கு அழிவு என்ற பொருள் மட்டும் இல்லை. பெருக்கம் என்ற பொருளும் உண்டு. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் ஆற்றின் புதுநீரை மலர் தூவி வரவேற்கும் மக்கள் நாம். கழனிக்கு வண்டல் கொணர்வதும் அந்நீரே. களத்து நெல்லை வாரிக்கொண்டு போவதும் அந்நீரே. ஆற்றோடும் ஏரியோடும் வாழ்ந்துவரும் நம் அங்கத்தினர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எவரும் கூற இயலாது. ஆயினும் வெள்ளம் வருந்தோறும் நீரை நன்கறிந்தவர்களே ஆயத்தமின்றி அகப்பட்டுக்கொள்கின்றனர். இதற்குக் காரணம் யாது, இவ்வகையில் நம் சங்கங்கள் செய்யத்தக்கது யாது என்பவற்றை அங்கத்தினர்களின் சிந்தனைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்காக நெசவாளர் சங்கங்களுக்கும் வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கும் சென்றுவரும் என்போன்ற அலுவலர்கள் ஊர்தோறும் மூன்று சொற்களைக் கேட்கிறோம். “இவ்வளவு தூரம் தண்ணீர் வந்ததே இல்லை” என்பது முதலாவது. “மேலே அணை இருக்கிறது” என்பது இரண்டாவது. “அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பது மூன்றாவது. மூன்றும் அறியாமையால் எழுந்தவை அல்ல. ஒவ்வொன்றிலும் ஓர் அனுபவம் உண்டு. அதனாலேயே அவற்றை அவ்வளவு எளிதில் அசைக்க முடிவதில்லை.

முதற் சொல்லை எடுத்துக்கொள்வோம். மனிதன் தன் கண்ணால் கண்ட மிகப் பெரிய வெள்ளத்தையே வெள்ளத்தின் எல்லை என்று கருதுகிறான். தாமிரபரணிக் கரையில் 1992 நவம்பர் வெள்ளம் நெடுங்காலம் அத்தகைய எல்லையாக இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நிகழ்ந்தது அவ்வெல்லைக்குக் கட்டுப்படவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதிலும் சராசரியாகப் பெறும் மழையை விட இது மிகுதி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அன்று பெயர் சூட்டப்பெற்ற புயல் ஏதும் இல்லை. புயல் இல்லையேல் பேரிடர் இல்லை என்று எண்ணியிருந்தவர்களும், ஆற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஏமாந்தனர். ஏனெனில் நீர் ஆற்றிலிருந்து மட்டுமன்றி, உடைந்த குளங்களிலிருந்தும் ஊருக்குள் புகுந்தது.

பழைய வெள்ளத்தின் அனுபவம் இவ்வாறு இரு வகையில் நம்மை வழி தவறச் செய்கிறது. அது அளவைக் குறைத்துக் காட்டுகிறது. நீர் வரும் திசையையும் ஒன்றாக்கிவிடுகிறது. முப்பதாண்டுகளில் ஊரின் அமைப்பே மாறிவிடுகிறது என்பதையும் நாம் எண்ணுவதில்லை. புதிய சாலை பழைய தெருவை விட உயர்ந்து நிற்கிறது. வடிகால் மேல் கடைகள் எழும்பிவிடுகின்றன. ஏரியின் கலங்கல் ஓடை மனைகளாகிவிடுகிறது. ஆறு அதே அளவு பெருகினாலும் வீட்டுக்குள் வரும் நீர் அதே அளவாக இராது.

“நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்” என்ற வழக்கும் இத்தவற்றுக்குத் துணை போகிறது. அந்த வெள்ளம் ஒருமுறை வந்துவிட்டால் இனி நம் பேரன் காலத்துக்குத்தான் என்று பலர் ஆறுதல் கொள்கின்றனர். கணக்கு அவ்வாறு இல்லை. ஒவ்வோராண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்தது என்பதனால் இவ்வாண்டு வாய்ப்புக் குறைந்துவிடுவதில்லை. முப்பதாண்டு ஒரே வீட்டில் தறி போடும் நெசவாளர் ஒருவர் அக்காலத்தில் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு, அதாவது நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். நாலு தவணையில் ஒன்று தவறும் என்று தெரிந்த கடனுக்குப் போதிய ஈடு கேளாமல் எந்த நிர்வாகக் குழுவும் இராது. வெள்ளத்துக்கு மட்டும் அந்தக் கவனத்தை நாம் காட்டுவதில்லை.

இரண்டாவது சொல் அணையைப் பற்றியது. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை காவிரிக் கரையின் வாழ்வையே மாற்றியது. அதன் பயனை மறுப்பார் இல்லை. ஆனால் அணை வெள்ளத்தைத் தாங்குவது அதில் இடம் உள்ளவரை மட்டுமே. நிரம்பிய அணை ஒரு வாசற்படியைப் போன்றது. வந்த நீரை அப்படியே கடத்திவிடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. 2018 ஜூலையில் மேட்டூர் நீர்மட்டம் 120 அடியை எட்டியபோது காவிரிப் படுகை முழுவதும் மகிழ்ச்சி கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆயினும் அன்றே கீழ்க்கரையின் அபாயமும் தொடங்கியது. ஆகஸ்டில் ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்களில் நீர் புகுந்தது. ஜமக்காளத்துக்கும் துணிகளுக்கும் பேர்பெற்ற நெசவு ஊர்கள் அவை. அதே மாதம் 22-ந் தேதி, 1836-ல் கட்டப்பட்ட முக்கொம்பு கொள்ளிட மேலணையின் மதகுகள் பல இடிந்து வீழ்ந்தன.

அணையும் கரையும் வேண்டாம் என்று எவரும் சொல்லார். ஆனால் அவை தரும் காப்பு நமக்கு அளவுக்கு மீறிய தைரியத்தைத் தந்துவிடுகிறது. அந்தத் தைரியம் நம்மை ஆற்றுக்கு மேலும் அருகில் இழுக்கிறது. அமெரிக்கப் புவியியல் அறிஞர் கில்பர்ட் ஒயிட் 1945-ல் வெளியான தம் ஆராய்ச்சியில் இவ்வுண்மையை வற்புறுத்தினார். அணைகளையும் கரைகளையும் மட்டும் நம்பி, தாழ்நிலத்தில் குடியேறுவதைக் கட்டுப்படுத்தாவிட்டால் நஷ்டம் குறையாது என்பது அவர் கருத்து. மிசிசிப்பிக் கரைக்கு மட்டும் உரிய பாடம் அன்று அது. “அணை நிரம்பியது” என்ற செய்தியை மகிழ்ச்சிச் செய்தியாகவும் எச்சரிக்கைச் செய்தியாகவும் ஒருங்கே கேட்க நாம் பழக வேண்டும்.

மூன்றாவது, அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது. அறிவிப்பு வருகிறது; ஆனால் எந்த மொழியில் வருகிறது? “வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி” என்று வருகிறது. அது நொடிக்கு ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர். ஒரு நாள் முழுதும் அவ்வாறு ஓடினால் 8.64 டி.எம்.சி.; 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையைப் பதினொரு நாளில் நிரப்பிவிடும் அளவு. இக்கணக்குகள் யாவும் சரியே. எனினும், மேலத்தெருவில் குழித்தறி வைத்திருக்கும் ஒருவர் அறிய வேண்டியது இதுவன்று. அந்நீர் தம் வாசலுக்கு வருமா, எத்தனை மணி நேரத்தில் வரும், எத்தனை அடி ஏறும் என்பதே அவர் வினா. அதற்கு விடை அந்த எண்ணில் இல்லை.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தென்பெண்ணையின் மேற்பகுதியிலும் கனமழை கொட்டவே, டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. எச்சரிக்கை எப்போது, எவ்வாறு விடப்பட்டது என்பது குறித்துச் சட்டமன்றத்தில் வாதம் நடைபெற்றது. அவ்வாதத்தில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. எச்சரிக்கை எவ்வளவு முன்னதாக வந்தாலும், அந்த எண்ணைத் தெருவின் அளவாக மாற்றிச் சொல்ல ஊரில் ஒருவர் இல்லையேல் அது பாதி எச்சரிக்கையே என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இம்மூன்றும் எண்ணத்தைச் சார்ந்த தடைகள். இவற்றுக்கு அப்பால், எண்ணத்தைச் சாராத தடை ஒன்று உண்டு. அபாயத்தை முற்றும் உணர்ந்தவர்களும் வீட்டை விட்டு நகர்வதில்லை. ‘மக்கள் சொன்னால் கேட்பதில்லை’ என்று அலுவலர்கள் குறை கூறுவதுண்டு. ஏன் கேட்பதில்லை என்று ஆராய்ந்தால், அக்குறை பெரும்பாலும் மறைந்துவிடும்.

குழித்தறி நெசவாளரின் நிலையைப் பாருங்கள். தெருவில் நீர் ஓடுமுன்பே நிலத்தடி நீர் ஊறித் தறிக்குழியில் மிதிகட்டைகளை மூழ்கச் செய்கிறது. தறியில் பாவு ஏறியிருக்கிறது. அறுத்தெடுத்தால் ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் பிணைக்க வேண்டும். அதுவரை கூலி இல்லை. பட்டும் சரிகையும் அவருடையவை அல்ல, சங்கத்தின் சரக்கு. அவை நிறை போட்டு அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன. நனைந்து கறைபட்டால் யார் பொறுப்பு என்பது அவருக்குத் தெரியாது. தம் கணக்கில் பற்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம் வெள்ளத்தின் அச்சத்தை விடப் பெரிதாக நிற்கிறது. ஆகவே மனைவி மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் சரக்குக்குக் காவலாக இருந்துவிடுகிறார். இதை அறியாமை என்று எவ்வாறு கூறுவது? உழவரும் அவ்வாறே. கொட்டிலில் மாடு நிற்கிறது. குதிரில் விதை நெல் கிடக்கிறது. முகாமில் மனிதருக்கு இடமுண்டு, மாட்டுக்கு இடமில்லை என்றால் அவர் போகமாட்டார்.

ஆக, வெள்ளத்துக்கு ஆயத்தம் என்பது மக்களுக்கு அச்சமூட்டுவதன்று. அவர்கள் தங்கி நிற்பதற்கான காரணங்களை வெள்ளம் வருமுன்பே ஒவ்வொன்றாக அகற்றுவதே ஆயத்தம். இதற்கு அரிய எடுத்துக்காட்டு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. வெள்ளம் வரும் அறிகுறி தோன்றியதும் உற்சவ மூர்த்தியையும் எடுத்துச் செல்லத்தக்க பொருள்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகின்றனர். ஆறு கோயிலை மூழ்கடித்துச் செல்கிறது. நீர் வடிந்தபின் கழுவித் தூய்மை செய்து மீண்டும் வழிபாடு தொடங்குகிறது. எது போகலாம், எதைக் காக்க வேண்டும், எங்கே கொண்டு வைப்பது, யார் தூக்குவது என்பதெல்லாம் முன்பே முடிவான செய்தி. அந்த முன்முடிவே நமக்கு வேண்டுவது.

இம்முடிவைத் தனித்தனிக் குடும்பங்கள் எடுப்பது அரிது. அரசாங்கம் ஒவ்வொரு தெருவுக்கும் எடுத்துக் கொடுப்பதும் இயலாது. இடையில் நிற்கும் ஸ்தாபனம் நம் கூட்டுறவுச் சங்கம். அதனிடம் அங்கத்தினர் பட்டியல் இருக்கிறது. யார் வீட்டில் எத்தனை தறி, யார் நிலம் எந்த மடையில் என்ற விவரம் இருக்கிறது. தலைமுறை மாறினாலும் மாறாத தீர்மானப் புத்தகமும் இருக்கிறது. மனிதர் மறப்பர், புத்தகம் மறவாது. ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கவை எனச் சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது, ஊரளவுகோல். சங்கக் கட்டடச் சுவரிலும், தாழ்ந்த தெருக்களில் இரண்டு மூன்று இடங்களிலும், முந்தைய வெள்ளங்கள் ஏறிய மட்டத்தை வண்ணக் கோடாக வரைந்து, ஆண்டையும், அன்று அணையிலிருந்தோ ஏரியிலிருந்தோ வந்த நீரின் அளவையும் அதனருகில் எழுத வேண்டும். “2018: 2 லட்சம் கன அடி: இந்தக் கோடு” என்று எழுதியிருந்தால், அடுத்த முறை வானொலியிலோ கைப்பேசியிலோ எண் வந்தவுடன் பள்ளிச் சிறுவனும் அதற்குப் பொருள் சொல்லிவிடுவான். இக்கோட்டை எல்லை என்று கருதிவிடக் கூடாது. நினைவு செய்யும் தவற்றைச் சுண்ணாம்பால் நிலைப்படுத்துவதாக அது முடியும். இவ்வளவு நீருக்கு இவ்வளவு உயரம், அதற்கு மேல் வந்தால் இதற்கும் மேல் என்பதே அதன் பொருள். சாலை உயர்ந்தாலும் ஓடை அடைபட்டாலும் அளவு மாறுமாதலால் ஆண்டுக்கொருமுறை அதனைச் சரிபார்க்கவும் வேண்டும்.

இரண்டாவது, சரக்குப் பற்றிய தீர்மானம். வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் நூல், சரிகை, நெய்த துணி ஆகியவற்றைச் சங்கத்தின் மாடியிலோ வேறு உயரமான இடத்திலோ ஒப்படைத்து ரசீது பெற்ற நெசவாளர் மீதும், எடுக்க இயலாத பாவைத் தறியிலேயே உயர்த்திக் கட்டிவிட்டுச் சென்ற நெசவாளர் மீதும், வெள்ளத்தால் நேர்ந்த சேதத்துக்குப் பற்று எழுதப்படமாட்டாது என்று நிர்வாகக் குழு முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். துணைவிதிகளுக்கு உட்பட்டு, துறை அலுவலரின் ஒப்புதலோடு இதைச் செய்யலாம். ஒரு பக்கத் தீர்மானந்தான்; ஆனால் பல உயிர்களை நீருக்குள்ளிருந்து வெளியே அழைத்துவர வல்லது. கூடவே, சங்கத்தின் காப்பீட்டுப் பத்திரத்தில் தீயோடு புயலும் வெள்ளமும் சேர்ந்துள்ளனவா, அது கிடங்குச் சரக்குக்கு மட்டுமா, தறியில் இருக்கும் சரக்குக்குமா என்று செயலாளர் இன்றே எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். நீர் வடிந்தபின் படித்துப் பயனில்லை.

மூன்றாவது, பயிர். நம் உழவர் பாசன வாய்க்காலை அறிந்த அளவுக்கு வடிகாலைப் போற்றுவதில்லை. நீர் வரும் வழிக்குச் சண்டையிடும் நாம், அது போகும் வழியை ஆகாயத்தாமரைக்கு விட்டுவிடுகிறோம். புரட்டாசிக்குள் வடிகால் தூர் எடுக்கப்பட்டதா என்று பார்த்து, இல்லையெனில் உரிய அலுவலகத்துக்கு எழுதிப் பதில் பெறுவதைச் சங்கம் தன் கடமையாகக் கொள்ளலாம். தண்ணீர் தேங்கும் வயல்களுக்குச் சி.ஆர். 1009 சப்-1 போன்ற, ஏறத்தாழ இரு வாரம் மூழ்கியிருந்தாலும் தாக்குப்பிடிக்கும் நெல் விதைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. 2020 முதல் கடன் பெற்றவரும் தம் விருப்பப்படியே சேரலாம் என்று ஆகிவிட்டதனால், கடனோடு தானாகவே காப்பீடும் சேர்ந்துவிடும் என்ற எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வருகிறது. வானம் கறுத்தபின் வரிசையில் நிற்பதை விட, ஐப்பசி பிறந்தவுடன் சேர்ந்துவிடுவது நன்று.

நான்காவது, ஆள். தெருவுக்கு ஒருவர் வீதம் பெயர் குறித்து, முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர் உள்ள வீடுகளை அவர் பொறுப்பில் விட வேண்டும். மாடு கட்ட மேட்டு நிலம் எது, அதற்கு யார் வைக்கோல் தருவது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய தொலைபேசி எண்களை ஊரளவுகோலின் அடியிலேயே எழுதிவிடலாம்.

“இவையெல்லாம் அரசாங்கத்தின் வேலையல்லவா?” என்று சிலர் கேட்பர். மீட்பும் நிவாரணமும் அரசாங்கத்தின் கடமையே. அதைக் கேட்டுப் பெறும் உரிமையை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் படகு வருமுன் கழியும் முதல் சில மணி நேரம் ஊருக்குரியது. “ஏழை அங்கத்தினர் தாழ்ந்த இடத்தில் குடியிருக்கிறார், கோடு வரைந்துவிட்டால் அவர் எங்கே போவார்?” என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வி. வாடகை குறைவென்பதாலேயே அவர் அங்கே இருக்கிறார். கோடு அவருக்கு மாற்று வீடு தராது. ஆயினும் எந்தெந்த வீடுகள் எத்தனை முறை மூழ்கின என்ற எழுத்துக் கணக்கு நம்மிடம் இருந்தால், வீட்டு வசதிக்கும், தறிக்கூடத்துக்கும், தறியை மேடையில் உயர்த்தி அமைப்பதற்கும் உதவி கேட்கும்போது நம் விண்ணப்பத்துக்கு வலு உண்டாகும். கணக்கில்லாத குறை காதில் ஏறுவதில்லை.

“நல்லநாளில் வெள்ளத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம்” என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். சங்கம் என்பதே கெட்ட நாளை எதிர்பார்த்து நல்ல நாளில் கூடியதுதான். பங்குத் தொகையும், சேமநிதியும், ஐயக் கடன் ஒதுக்கும் எதிர்பாராததை எதிர்பார்த்து வைத்தவையே. பணத்துக்குச் செய்து பழகிய முன்யோசனையை நீருக்கும் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். அடுத்த மகாசபையின் நிகழ்ச்சிநிரலில் வரவு செலவுக்கு அடுத்தபடியாக ‘வெள்ள ஆயத்தம்’ என்று ஒரு பொருளைச் சேருங்கள். அதற்கு அரைமணி நேரமும் ஒரு டப்பா வண்ணமும் போதும். அம்முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். கோடு சுவரில் ஏறட்டும். நூல் மாடிக்கு ஏறும் வழி ஒவ்வொரு நெசவாளருக்கும் தெரிந்திருக்கட்டும்.